வகுப்பு பிரிந்தது, பெஞ்சு பிரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் நைஜீரியா கட்டுரையில், ‘அங்கே பள்ளிகளில் மதம் மட்டும்தான் பாடம், நாடு ஒன்று என்று யாரும் சொல்லித் தருவதில்லை’ என்று ஒரு வரி. எழுதியவர் எந்த ஊர்ப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தாரோ! நான் 1979 முதல் ஐந்து வருடம் அந்நாட்டின் வடக்கே ஒரு மத்திய அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எண்ணெய்ப் பணம் புழங்கிய அந்தக் காலத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் அங்கே பாடம் சொல்லப் போனார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

அந்தப் பள்ளிகளுக்கு ‘ஒற்றுமைப் பள்ளி’ என்றே பெயர். ஹௌசா, யொருபா, இக்போ என்று எல்லா இனத்து, எல்லா மாநிலப் பிள்ளைகளும் ஒரே விடுதியில். இக்போக்கள் தனிநாடு கேட்டு மூண்ட பியாஃப்ரா உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது பத்து வருடம்கூட ஆகவில்லை. காலையில் நாட்டு உறுதிமொழி. மதப் பாட நேரம் வந்தால் வகுப்பு இரண்டாகும். பாதி இஸ்லாமியப் பாடம் எடுக்கும் ‘மாலம்’ என்ற ஆசிரியரிடம், பாதி பைபிள் டீச்சரிடம். மணியடித்ததும் அதே பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் அல்ஜீப்ராவை ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிப்பார்கள். இதைவிட என்ன ஒற்றுமை வேண்டும்? என் விபூதியைச் சாக்பீஸ் தூள் என்று நினைத்துத் துடைக்க வந்த பையனும் உண்டு.

சண்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1987-இல் வடக்கே கஃபன்சான் என்ற ஊரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில்தான் மதக் கலவரத் தீ பற்றியது. ஆனால் ஒற்றுமையைச் சொல்லித் தராமலா பற்றியது? பிற்பாடு மதத்தையும் குடிமையியலையும் சேர்த்து, ‘மதமும் தேசிய விழுமியங்களும்’ என்று ஒரே பாடமாகவே ஆக்கினார்கள். 2017-இல் அதற்கே நைஜீரியக் கிறிஸ்தவச் சங்கம் கொதித்தெழுந்தது. மதப் பாடங்களைத் திரும்பத் தனியாக்கச் சொன்னது அரசு. எங்கள் காலத்து ஏற்பாடே தேவலை. தன் மதமல்லாத பாடத்தை எந்தப் பிள்ளைமீதும் திணிக்கக் கூடாது என்று அவர்களுடைய 1999 அரசியல் சட்டத்தின் 38-ஆம் பிரிவே சொல்கிறது. கட்டுரையாளருக்கு அதைப் புரட்ட நேரமில்லை போலும்.

முன்பொரு தடவை நைஜீரியாச் செய்திக்குப் பக்கத்து நாடான நைஜரின் வரைபடத்தைப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். ‘இடமின்மையால்’ வெளிவரவில்லை. அந்த இதழில் ராசிபலனுக்கு நான்கு பக்கம் இருந்தது. சந்தோஷம்.

சரி, மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். கட்டுரையில் தலைநகர் லாகோஸ் என்று இருக்கிறது. 1991-லேயே அபுஜாவுக்கு மாற்றிவிட்டார்கள். அதையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்,
கும்பகோணம்