வாசிக்கக் கேட்டவர்கள்

பாளையங்கோட்டை

அன்பு செல்வராஜ்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளைக்குப் பொடி எழுத்துப் பக்கம் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ராத்திரி குடும்ப ஜெபத்தில் பேத்திதான் வேதம் வாசிக்கிறாள். இந்தக் கடிதமும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவது.

"உழவனும் நெசவாளியும் வேதத்தைத் தாய்மொழியில் வாசித்தார்கள் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அன்றைக்கு அவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? அச்சடித்து என்ன பயன்?" என்று கேட்டிருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த நாட்களில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாதவனும் அந்தப் புத்தகத்துக்கு உரியவனாகத்தான் இருந்தான். பக்கத்தில் வாசிக்க ஒரு ஆள் இருந்தால் போதும். இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, அங்கே அதற்குத் தடை இருந்ததால், சரக்குகளோடு சரக்காக ஒளித்துக் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தது. 1536இல் அவரைக் கொன்று எரித்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1539இல், எட்டாம் ஹென்றி ராஜாவின் அனுமதியோடு பெரிய ஆங்கில வேதாகமம் வெளியாகி ஆலயங்களுக்குள் வந்தது. அதன் புதிய ஏற்பாட்டில் பெரும்பகுதி டிண்டேலின் வார்த்தைகள்தான்.

செம்ஸ்ஃபோர்டு ஊரில் சில ஏழைகள் சேர்ந்து ஒரு புதிய ஏற்பாடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் கடைசியில் உட்கார்ந்து வாசிப்பார்களாம். சுற்றி ஒரு கூட்டம் கேட்கும். வில்லியம் மால்டன் என்ற பையனும் அதில் போய் நின்றான். அப்பா ஒவ்வொரு தடவையும் வந்து அவனை லத்தீன் ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். சரி, நாமே படித்துவிடுவோம் என்று எழுத்துக் கூட்டப் பழகினான். அப்பாவிடம் தொழில் பழகிய இன்னொரு பையனோடு காசு சேர்த்து ஒரு புத்தகம் வாங்கி, படுக்கை வைக்கோலுக்கடியில் ஒளித்து வைத்தான். காதில் விழுந்ததுதான் அவனை எழுத்துப் படிக்க வைத்தது, கவனித்தாயா?

அப்புறம் 1543இல் ஒரு சட்டம் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பிரபுக்களும் நிலக்காரர்களும் தங்கள் வீட்டாருக்கு வேதத்தை வாசித்துக் காட்டலாம். வியாபாரிகளும் மேல்குடிப் பெண்களும் தனியாகத் தமக்குள் வாசித்துக்கொள்ளலாம், பிறருக்கு வாசிக்கக் கூடாது. கைவினைஞர், வேலைக்காரர், உழவர், கூலிக்காரர், மற்றப் பெண்கள் ஆகியோர் வாசிக்கவே கூடாது. அந்தப் புத்தகம் வாய்விட்டு வாசிக்கப்பட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! 1546இல் குளோஸ்டர்ஷயரின் செயின்ட்பரி குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராபர்ட் வில்லியம்ஸ், தான் வாங்கிய வேறொரு புத்தகத்தின் தாளில் தன் கையால் எழுதி வைத்தார்: மேய்ப்பர்கள் ஏற்பாட்டை வாசிக்கக் கூடாது என்று தடுத்த சமயத்தில் இதை வாங்கினேன், அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தட்டும் என்று. அடுத்த வருடமே ஹென்றி இறந்தார், அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது.

நான் உனக்குச் சொல்ல வந்தது இன்னும் இரண்டு பேரைப் பற்றி. இருவருடைய கதையும் ஜான் ஃபாக்ஸ் தொகுத்த இரத்தசாட்சிகள் வரலாற்றில் இருக்கிறது. ஃபாக்ஸ் சீர்திருத்தச் சபைப் பக்கம் நின்று எழுதியவர் என்பதை மறந்துவிடாமல்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், கார்டிஃப் ஊரில், ராலின்ஸ் வைட் என்று ஒரு மீனவர். எழுத்துத் தெரியாது. தன் சின்ன மகனை இங்கிலீஷ் வாசிக்கப் பள்ளிக்கு அனுப்பினார். தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், கோடையானாலும் குளிரானாலும், மகன் ஒரு பகுதி வாசிப்பான், அப்பா கேட்பார். கேட்டுக்கேட்டே எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு மனதில் பதிந்துவிட்டது. பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் போதித்தார். சீர்திருத்தச் சபையாரைத் துன்புறுத்திய கத்தோலிக்க ராணி மேரியின் காலத்தில், 1555இல், அவரை எரித்தார்கள்.

டெர்பி ஊரில் ஜோன் வேஸ்ட். பிறவியிலேயே பார்வையில்லாத பெண். அப்பா சவரத்தொழிலும் கயிறு திரிப்பும் செய்தவர். இவள் காலுறை பின்னுவாள். அந்தக் காசில் மிச்சம் பிடித்து ஒரு புதிய ஏற்பாடு வாங்கினாள். யோசித்துப் பார், செல்வராஜ். பார்வை இல்லாதவள் தனக்கென்று ஒரு புத்தகம் வாங்குகிறாள். கடனுக்காகச் சிறையில் இருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அவளுக்கு நாள்தோறும் ஒரு அதிகாரம் வாசித்தார். அவருக்கு முடியாத நாளில் கோயில் குமாஸ்தாவிடம் போவாள். வேறு யாராவது என்றால் ஒரு பென்னி, இரண்டு பென்னி கூலி கொடுத்து, இத்தனை அதிகாரம் என்று பேசிக்கொள்வாள். பல அதிகாரங்கள் அவளுக்கு மனப்பாடம். 1556 ஆகஸ்ட் 1 அன்று அவளை எரித்தபோது வயது 22.

இந்த இடத்தில் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறாள்.

எனக்கு என் ஆச்சி நினைவுதான். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நம் இரண்டு பேரையும் திண்ணையில் உட்காரவைத்து சங்கீதம் வாசிக்கச் சொல்வாளே, ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்து. ஒரு நாள் 119ஆம் சங்கீதத்தில் நீ ஒரு பத்தியைத் தாண்டிப் போனாய். கண்ணை மூடிக்கொண்டே, "ஏல, நடுவுல விட்டுட்டியே" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதை வைத்து அவளை வேதம் அறியாதவள் என்று யாரால் சொல்ல முடியும்? அச்சடித்து என்ன பயன் என்று நீ கேட்டதும் அந்தத் திண்ணைதான் முதலில் கண்ணுக்குள் வந்தது.

மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அறுப்புப் பண்டிகைக்கு இரண்டு பேரும் கட்டாயம் வாருங்கள். இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. ராத்திரி ஜெபத்தில் 119ஐ நீ முழுசாக வாசிக்க வேண்டும். 176 வசனம், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
தேவராஜ்