25 கிலோ மூட்டையும் 76 சீட் விமானமும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானிகள் சங்கங்களைப் பற்றி உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். மாதம் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு எதற்குச் சங்கம், சின்ன ஊருக்குச் சின்ன விமானம் வருவதை இவர்களே தடுக்கிறார்களே என்று கேட்டிருந்தார். நான் கொழிஞ்சாம்பாறையில் 31 வருஷம் லோடு இறக்கியவன். விமானத்தில் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன். ஆனாலும் இதில் எனக்குச் சொல்ல இருக்கிறது. இதே சண்டையை மாட்டுத்தீவன மூட்டையை வைத்து நான் போட்டிருக்கிறேன்.

எங்கள் பூலில், அதாவது சேர்ந்து முறை வைத்து லோடு இறக்கும் குழுவில், அப்போது 14 பேர். எல்லோரும் லேபர் ஆபீஸ் கொடுக்கும் 26ஏ பதிவுக் கார்டு உள்ளவர்கள். பூல் லீடர் நான். பொள்ளாச்சிப் பக்கமிருந்து தீவன லோடு வரும், மூட்டை 50 கிலோ, கூலி மூட்டைக் கணக்கு. ஒரு வருஷம் குடோன் முதலாளி வேலந்தாவளம் ரோட்டில் மச்சான் பேரில் இன்னொரு குடோன் திறந்தார். அதே தீவனம், அதே சாக்கு, அதே லேபிள். ஆனால் அங்கே இறக்கியது கார்டு இல்லாத பையன்கள், எங்கள் கூலியில் பாதிக்கு. நாங்கள் லாரியை மறித்தோம். பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் 50 கிலோ மூட்டை எங்களுக்கு, 25 கிலோவும் அதற்குக் கீழும் அவர்களுக்கு என்று முடிவானது. கையெழுத்துப் போட்டவன் நான்தான். அன்று சாயங்காலம் டீக்கடையில், நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் பேசிக்கொண்டோம்.

ஒன்றரை வருஷத்தில் தீவனம் முழுக்க 25 கிலோ சாக்கில் வர ஆரம்பித்தது. எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் அதிகம்.

சுமட்டுத் தொழிலாளி பேச ஆரம்பித்தால் பலருக்கு, சும்மா பார்த்துக்கொண்டு நின்றதற்கு வாங்கும் நோக்குக்கூலிதான் ஞாபகம் வரும். 2018 மே 1 முதல் கேரள அரசு அதை நிறுத்தியது சரியான காரியம். தொடாத மூட்டைக்குக் காசு வாங்குவது தப்பு என்று சங்கக் கூட்டத்திலேயே சொன்னவன் நான். நான் இங்கே பேசுவது தோளில் ஏற்றிய மூட்டையைப் பற்றி.

என் தங்கை மகன் ஒரு சின்ன விமான நிறுவனத்தில் துணை விமானி. புரொப்பல்லர் சுற்றும் ஏடிஆர் விமானம், 70 பேர் உட்காரலாம். அவன் ஒரு நாள் அமெரிக்க விமானிகளின் ‘ஸ்கோப்’ விவகாரத்தை விளக்கிச் சொன்னபோது எனக்கு அந்தச் சாக்குதான் கண்ணுக்கு வந்தது. அங்கே பெரிய விமான நிறுவனம் தன் பேரையும் வண்ணத்தையும் போட்டு, டிக்கெட்டையும் தானே விற்று, பறக்கும் வேலையைக் குறைந்த சம்பளம் கொடுக்கும் சின்ன நிறுவனத்திடம் விடுகிறது. பெரிய நிறுவனத்து விமானிகள் இதற்கு ஒப்பந்தத்தில் எல்லை போட்டார்கள். 76 சீட்டுக்கு மேல், 86,000 பவுண்டு எடைக்கு மேல் உள்ள விமானத்தை வெளியே விடக் கூடாது என்பது அந்த எல்லை. நம் கணக்கில் 39 டன். அந்த அளவுக்குள் வரும் விமானங்களிலும் எத்தனை விடலாம் என்று கணக்கு உண்டு. 50 சீட் விமானத்துக்குத் தனிக் கணக்கு. நிறுவனங்கள் என்ன செய்தன? 70 பேர் உட்காரக்கூடிய விமானத்தில் 50 சீட் மட்டும் போட்டு 2019இல் யுனைடெட் பேரில் பறக்கவிட்டார்கள். சாக்கைச் சின்னதாக்கியது போலவேதான்.

எல்லை போட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தன் வேலை பாதிக் கூலிக்குப் போவதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆனால் அந்த எல்லைக்கு வெளியே நிற்பவனும் விமானிதான். சின்சினாட்டியில் டெல்டாவுக்குச் சொந்தமாக இருந்த காம்எயர் என்ற சின்ன நிறுவனத்தின் விமானிகள் 2001இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களும் டெல்டா விமானிகளும் ஒரே சங்கத்தில், 1931இல் தொடங்கிய ஆல்பாவில் இருந்தவர்கள். பெரியவர்களுக்காக எங்கள் வேலைக்கு எல்லை போட்டாயே என்று சின்ன நிறுவனத்து விமானிகள் தங்கள் சங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். காம்எயர் 2012இல் மூடப்பட்டது. அந்த வழக்கைப் படித்தபோது, வேலந்தாவளம் ரோட்டுப் பையன்கள் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று புரிந்தது.

இது அவர்கள் பாட்டுக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டிய தொழிலாளர் தகராறு, பயணிக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் 2009 பிப்ரவரி 12ஆம் தேதி அமெரிக்காவில் பஃபலோ அருகே விழுந்த விமானத்தைப் பற்றிப் படிக்க வேண்டும். விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் கான்டினென்டல் பேர், ஓட்டியது கோல்கன் என்ற சின்ன நிறுவனம். விமானம் வேகம் குறைந்து எச்சரித்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. அதே விசாரணையில்தான் துணை விமானியின் சம்பளம் எவ்வளவு குறைவு என்பதும் வெளியே வந்தது. சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில் இருந்தவர், முந்தைய இரவு முழுக்க சரக்கு விமானங்களில் இடம் பிடித்து நாட்டின் அந்தக் கோடியிலிருந்து வேலைக்கு வந்திருந்தார். அப்புறம்தான் சட்டம் வந்தது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். டிக்கெட் விற்கும்போதே விமானத்தை ஓட்டுவது எந்த நிறுவனம் என்று சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் இப்படி சீட் கணக்கு இல்லை. ஆனால் எந்த விமானத்தை யார் ஓட்டுவது என்ற சண்டை நமக்கும் தெரியும். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் இணைந்தன, விமானிகள் இரண்டு சங்கமாகவே இருந்தார்கள். போயிங் ட்ரீம்லைனர் என்ற புதுப் பெரிய விமானத்துக்கான பயிற்சியைப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் கொடுப்பதா என்று 2012இல் 58 நாள் வேலைநிறுத்தம். நூறு பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒரு விமானிக்கு எதிராக இன்னொரு விமானி நின்ற அந்த இரண்டு மாதம் எனக்கு இன்றும் வருத்தம்.

சின்ன நிறுவனத்தில் இருப்பவன் நிலைமை என்ன என்று என் மருமகனை வைத்துச் சொல்கிறேன். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதற்காகத் தங்கை மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில் இரண்டு ஏக்கரை விற்றாள். வேலை கிடைத்த இரண்டாம் வருஷம் சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. விட்டுவிட்டு வா என்றேன். “மாமா, ஆறு மாசம் நோட்டீஸ் கொடுக்கணும்” என்றான். விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏவின் விதி அது. கேப்டனுக்கு 2017இல் அதை ஒரு வருஷம் ஆக்கினார்கள். சரி, பெரிய நிறுவனத்துக்குப் போனால்? அங்கே சீனியாரிட்டி பட்டியலில் கடைசிப் பேராகச் சேர வேண்டும், இத்தனை நாள் ஓட்டிய வருஷமெல்லாம் அதில் ஏறாது. நிறுவனமே மூடினாலும் இதே கதிதான். எங்கள் பக்கத்துக் கோவையில் 2016இல் தொடங்கிய ஏர் கார்னிவல் அடுத்த வருஷமே நின்றது. 2018இல் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் சேலத்துக்குப் பறந்த ட்ரூஜெட் 2022இல் நின்றது. நின்ற செய்தி உங்கள் பத்திரிகையிலும் வரும், கூடவே பயணிகளின் கஷ்டமும் வரும். அதை ஓட்டியவர்கள் எந்தப் பட்டியலில் எத்தனையாவது பேராகப் போய் நின்றார்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

எங்கள் குடோன் கதை எப்படி முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து பையன்களையும் நானே லேபர் ஆபீசுக்குக் கூட்டிப் போய், கார்டுக்கு எழுதிக் கொடுத்து பூலில் சேர்த்தேன். 14 பேர் 19 பேர் ஆனோம். மூட்டைக் கணக்கை விட்டுவிட்டு எடைக் கணக்கில் ஒரே கூலி கேட்டோம். “என் முறை குறையுதே” என்று பழைய ஆட்கள் சத்தம் போட்டார்கள். ஒருவர் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஏழெட்டு மாதம் வீட்டில் கஷ்டம்தான். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே கூலி என்று ஆனதும் முதலாளிக்கு இரண்டாவது குடோனால் லாபமில்லை, அவரே மூடினார். சாக்கு எந்த அளவில் வந்தாலும் எங்களுக்கு அப்புறம் கவலை இல்லாமல் போனது.

அதனால் பெரிய விமானிகள் சங்கங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். டிக்கெட்டில் ஒரே பேர் இருந்தால் ஓட்டுபவனுக்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே சீனியாரிட்டிப் பட்டியல் கேளுங்கள். தனி நிறுவனமாக இருந்தாலும் சின்ன விமானத்துக்காரனைச் சங்கத்துக்குள் கொண்டுவாருங்கள். சீட்டையும் எடையையும் வைத்து எல்லை போட்டால், இன்னொருவன் சாக்கைச் சின்னதாக்கிக்கொண்டு வருவான்.

மருமகனுக்கு இப்போது பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நோட்டீஸ் கொடுத்துவிட்டான், இன்னும் நாலு மாசம் பாக்கி. சேர்ந்த உடனே சங்கத்துக்குச் சந்தா கட்டு என்று சொல்லியிருக்கிறேன். முதல் கூட்டத்தில் எழுந்து, பழைய நிறுவனத்தில் இன்னும் ஏடிஆர் ஓட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களை எப்போது சேர்ப்பீர்கள் என்று கேட்கவும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுமட்டுத் தொழிலாளி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்