வெயில் பட்டால் பேசும் செயற்கைக்கோள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அந்தப் பழைய ஷார்ட்வேவ் ரேடியோ செத்துவிட்டது, எடைக்குப் போடப் போகிறேன் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நாம் இருவரும் காதை ஒட்டவைத்து, புரியாத மொழிகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ அது. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதன்மேல் கை வைக்காதே.

போன மாதம் நான் ஆஸ்கார் 7 செயற்கைக்கோளைக் கேட்டேன். ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள், தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்டது அது. எடை சுமார் 29 கிலோ. 1974 நவம்பர் 15 அன்று ஒரு வானிலைச் செயற்கைக்கோளுடன் ஒரே ராக்கெட்டில் மேலே போனது. கீழிருந்து ஒருவர் அனுப்பும் குரலையோ, புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸையோ வாங்கி, வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. ஆறரை வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தது. 1981-இல் பேட்டரி ஷார்ட் ஆனது. சோலார் பேனல் கொடுக்கும் மின்சாரத்தையெல்லாம் அந்த ஷார்ட்டே விழுங்கிவிட, மின்சுற்றுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் பாட் கோவன் என்ற ஹாம், 145.9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பழைய பாணியில் ஒரு மோர்ஸ் சிக்னலைக் கேட்டார். விசாரித்துப் பார்த்தால், அது ஆஸ்கார் 7! 21 வருஷம் ஊமையாகச் சுற்றிக்கொண்டிருந்த பெட்டி வாய் திறந்திருக்கிறது. யாரும் போய்ச் சரிசெய்யவில்லை. ஷார்ட் ஆகியிருந்த பேட்டரி இன்னும் கெட்டுப்போய், ஒரு செல் முழுசாக ஓப்பன் ஆகிவிட்டது. அதாவது, வழியை அடைத்துக்கொண்டிருந்தது தானாகவே அறுந்து விழுந்துவிட்டது. இப்போது மின்சாரம் பேட்டரிப் பக்கம் போக வழியில்லாததால் நேராக மின்சுற்றுக்குப் போகிறது. வெயில் படும்போது விழித்துக்கொள்ளும், பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். ஒரு பழுதை இன்னொரு பழுது சரிசெய்த கதை. நீ எத்தனையோ பெட்டிகளைப் பிரித்துப் போட்டவன், இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாயா?

கேட்பதற்கு நான் செய்த ஏற்பாடு ரொம்ப எளிது. டிவி பார்ப்பதற்காகத் தயாரித்த விரல் அளவு யுஎஸ்பி டாங்கிள் ஒன்று. அதற்குள் இருக்கும் சிப், காற்றில் வருவதை அப்படியே எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும் என்று 2012 வாக்கில் சிலர் கண்டுபிடித்ததிலிருந்து நம்மைப் போன்றவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆன்டெனாவை எஃகு அளவு டேப்பை வெட்டிச் செய்தேன். இந்த அலைவரிசைக்கு அரை அலைநீளம் ஒரு மீட்டர் சொச்சம்தான். மூன்று துண்டுகளைப் பிவிசி குழாயில் குறுக்காகக் கட்டினால் போதும். சால்டரிங்தான் பாடாய்ப் படுத்தியது. டேப்பின் மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்று எஃகு தெரிகிறவரை சுரண்டினேன். ஃபிளக்ஸ் தடவிச் சூடு வைத்தும் ஈயம் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. நான்காம் தடவைதான் கண்ணாடி மாதிரி படர்ந்து பிடித்தது. அந்த மினுமினுப்பைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் உனக்குத் தெரியும்.

அளவு டேப்பில் ஆன்டெனா செய்வது வீட்டு வேலை மட்டுமில்லை. மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஆஸ்கார் 5, 1970 ஜனவரியில் மேலே போனபோது அதற்கும் எஃகு டேப்தான் ஆன்டெனா. மடக்கிக் கட்டிவிட்டால் ராக்கெட்டுக்குள் அடங்கும், விட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும்.

சரி, கேட்டதைச் சொல்கிறேன். சாயங்காலம் மொட்டைமாடியில் ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அது வரவேண்டிய திசையைப் பார்த்து நின்றேன். முதலில் இரைச்சல்தான். அப்புறம் லேப்டாப் திரையில் மெலிதாக ஒரு கோடு, கூடவே மோர்ஸ். யாரோ ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுகிறார். சுருதி ஓரிடத்தில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. செயற்கைக்கோள் நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது அல்லவா, அந்த வேகம் காதிலேயே கேட்கிறது. நானும் டியூன் செய்து துரத்திக்கொண்டே இருந்தேன். நடுவில் யாரோ தேவைக்கு மேல் பவர் கொடுத்துவிட்டார். உடனே அதில் வந்துகொண்டிருந்த எல்லோருடைய சிக்னலும் ஒருசேர நடுங்கியது. பேட்டரி இல்லாததால் தாங்கிப்பிடிக்க ஒன்றுமில்லை. ஒருவர் கத்தினால் மின்னழுத்தம் இறங்கும், எல்லோர் குரலும் தள்ளாடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அதில் அடக்கமான பவரில் பேசுகிறார்கள். 50 வயது தாண்டிய ஒரு பெட்டிக்காக முன்பின் தெரியாத மனிதர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்புறம் ஒரு எழுத்தின் நடுவில் சட்டென்று நின்றுவிட்டது. தேயவில்லை, மங்கவில்லை, விளக்கை அணைத்த மாதிரி. நிழலுக்குள் போய்விட்டது. நான் நின்ற இடத்தில் ஏற்கெனவே இருட்டு. அதற்கு அப்போதுதான் சூரியன் அஸ்தமித்தது. கொஞ்ச நேரம் ஆன்டெனாவை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், 2023 நவம்பரில் புரியாத தகவல்களை அனுப்பி உளற ஆரம்பித்தது அதுதான். நினைவகத்தில் ஒரு சிப் கெட்டு, அதில் இருந்த நிரலும் போய்விட்டது. அதைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாமென்றால், முழுசாகக் கொள்ளுகிற அளவுக்கு எங்கும் காலி இடமில்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துகளில் செருகி, எல்லாம் சேர்ந்து ஓடும்படி இணைத்தார்கள். அதுவும் 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி. ஒரு கட்டளை போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 22 மணி நேரத்துக்கு மேல். 2024 ஏப்ரல் 20 அன்று பதில் வந்தது, சரியாக இருந்தது. நாம் ரிப்பேர் செய்யும்போது தட்டிப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம், விரல் வைத்துச் சூடு பார்ப்போம். இவர்களுக்கு அது எதுவும் கிடையாது. வரைபடமும் பொறுமையும்தான். என் கணக்கில் இதுவரை யாரும் செய்த ரிப்பேர்களில் இதுதான் பெரியது.

சூரிய ஒளியில் பாய்மரம் விரித்துப் போவது நடக்கிற காரியமா என்றும் கேட்டிருந்தாய். நடந்தே விட்டது. 2010-இல் ஜப்பான் அனுப்பிய இக்காரோஸ், பக்கத்துக்கு 14 மீட்டர் இருக்கும் ஒரு சதுரப் படலத்தை விரித்தது. தடிமன் 7.5 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. அத்தனை பெரிய பாயின்மேல் வெயில் கொடுத்த தள்ளு, நம் கையில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை உட்கார்ந்த மாதிரிதான். ஆனால் விண்வெளியில் அது நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்தது அதைத் திருப்பிய விதம். பாயின் ஓரங்களில் கால்குலேட்டர் திரையில் இருப்பது போன்ற திரவப் படிகத் தகடுகள். ஒரு பக்கத்தைப் பளபளப்பாகவும் மறுபக்கத்தை மங்கலாகவும் மாற்றினால் தள்ளு ஏறி இறங்கும், பாய் திரும்பும். துளி எரிபொருள் தேவையில்லை!

இனி உன் ரேடியோவுக்கு வருகிறேன். பல்பு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். பல்பு எரிந்தால் மின்சாரம் உள்ளே வருகிறது. முதலில் ஹெட்போன் மாட்டிப் பார். அதில் சத்தம் கேட்டால், அந்த ஓட்டைக்குள் இருக்கும் சின்னத் தகட்டின்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஹெட்போன் செருகும்போது ஸ்பீக்கரைத் துண்டிக்கும் தகடு அது. பல வருஷம் கிடந்தால் அதில் களிம்பு ஏறி, ஹெட்போன் இல்லாதபோதும் ஸ்பீக்கருக்குப் போகும் வழியை அடைத்துவிடும். பிளக்கைப் பத்து இருபது தடவை செருகிச் செருகி எடு. ஹெட்போனிலும் மௌனம் என்றால், மின் இணைப்பைப் பிடுங்கி, ஒரு நாள் சும்மா விட்டு, அப்புறம் மூடியைக் கழற்று. உருளையாக நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் எதுவும் மண்டை உப்பியிருக்கிறதா, அடியில் கசிந்திருக்கிறதா பார். போர்டின் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஸ்க்ரூக்களைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு வை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்