எனக்க நுரையீரல் கட்டிய பத்தி மகனுக்கு

மக்களே,

போன்ல நீ பட்ட வெப்ராளத்துல என்னால ஒண்ணும் முழுசா சொல்ல முடியல, அதான் எழுதுதேன், பைய வாசி. டிக்கெட் போடாத. எனக்கு வந்திருக்கது கேன்சர் இல்ல.

தோள்பட்ட வலிக்கி எடுத்த எக்ஸ்ரேல வலது நுரையீரல்ல ஒரு உருண்ட தெரிஞ்சுது, பெறவு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரில சிடி ஸ்கேன் எடுத்தோம், 14 மில்லிமீட்டர் இருக்கு. ஓரம் வழுவழுன்னு இருக்கு, உள்ள கொழுப்பு இருக்கு, நடுவுல பாப்கார்ன் பொரிஞ்ச மாதிரி சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு டாக்டர் ஸ்க்ரீன்லயே காட்டித் தந்தாரு. ஹமார்டோமான்னு பேரு. நுரையீரல்ல வாற கேன்சர் இல்லாத கட்டியள்ல இதுதான் ரொம்ப பேருக்கு வாறதாம். குருத்தெலும்பு, கொழுப்பு, தசைன்னு நம்ம உடம்புல உள்ள சாமானந்தான், தாறுமாறா ஒண்ணா சேந்து கெடக்கு. பக்கத்துல உள்ளத அரிச்சிட்டு போகாது, ஈரலுக்கோ மூளைக்கோ எலும்புக்கோ பரவாது.

"இப்பம் சும்மா கெடந்தாலும் நாளைக்கு கேன்சரா மாறாதா"ன்னு நீ கேட்டத நானும் கேட்டேன். இந்த வகை அப்படி மாறுகது அபூர்வத்துலயும் அபூர்வம்னாரு. இது இருக்கதுனால வேற எடத்துல கேன்சர் வராதுன்னும் அர்த்தம் இல்ல, அதையும் அவரே சொன்னாரு.

அவருக்கு நம்பிக்கை வந்தது எப்படின்னு கேளு. முன்ன எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் செய்யதுக்கு முன்னால நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்கல்லா, அந்தப் படம் அப்பாக்க டிரங்குப் பெட்டில கெடந்து, எடுத்துட்டு போனோம். வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா அதே எடத்துல அதே உருண்ட, கொஞ்சம் சின்னதா! இத்தன வருஷத்துல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வளந்திருக்கு, அவ்வளவுதான். நுரையீரல் கேன்சர் பெரும்பாலும் மாசக் கணக்குல ரெண்டு மடங்காயிரும், கெட்டியான கட்டி 2 வருஷம் அப்படியே கெடந்தா பயம் நல்லா கொறையும்னாரு. உனக்க பழைய எக்ஸ்ரே எதாவது அங்க இருந்தா தூரப் போடாத, கேட்டியா.

"எடுத்துக் களஞ்சிரலாம்"னு நீ சொல்லுகது பாசத்துலதான். டெஸ்டுக்கு ஊசி குத்தி சத எடுத்தா நுரையீரலச் சுத்தி காத்து கசிய வாய்ப்பிருக்கு, ஆபரேஷன்னா நல்ல நுரையீரல்லயும் கொஞ்சம் போகும். பெட் ஸ்கேன் எடுன்னு ஆரோ சொன்னதாட்டு சொன்ன, நம்ம நாட்டுல பழைய டிபி தழும்பும் அதுல சில நேரம் கேன்சர் போல மின்னும். கட்டி வேகமா வளந்தாலோ, மூச்சுக்குழாய அடைச்சி அடிக்கடி இருமல், காய்ச்சல் வந்தாலோ, சளில ரத்தம் கண்டாலோ அப்பம் எடுக்கணும். அதுக்கு நான் தயார்தான், திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கும் வருவேன், மறுக்க மாட்டேன்.

நீ எதுக்கு இப்படி நடுங்குதன்னு தெரியும், பெரியப்பாவ நெனச்சிட்டு. அவருக்கு வந்தது வேற மக்களே. பீடி வலிச்சு வலிச்சு வந்தது, ஓரம் முள்ளு முள்ளா இருந்துது, தொண்ட அடச்சி போச்சு, எட குறஞ்சி போச்சு. டிபின்னு மாத்திர குடுத்தே மாசங்கள போக்கிட்டாங்க, சிடி எடுக்கும்ப நேரம் கடந்து போச்சு. அத நெனச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியும். அதனாலதான் எனக்கு உருண்டன்னு சொன்ன அன்னைக்கே சும்மா இருக்காம சிடிக்கு போனேன்.

நீயும் ரூம்ல சிகரெட் வலிக்கன்னு எனக்குத் தெரியும். எனக்க கட்டிக்கு நீ அழுக கண்ணீர அதுக்கு அழு. எனக்கு நேந்துக்கிட்டு நிக்காண்டாம், அத விட்டா போதும். ஒரேயடியா முடியலன்னா டாக்டருட்ட கேளு, அதுக்கு மருந்தெல்லாம் இருக்கு.

அடுத்த ஸ்கேன் ஆறு மாசம் கழிச்சு, தேதி காலண்டர்ல எழுதி வச்சாச்சு. ரிப்போர்ட்ட தங்கச்சி வாட்ஸ்அப்ல அனுப்புவா, அங்க நல்ல டாக்டருட்ட காட்டணும்னா காட்டு, எனக்கு வருத்தம் இல்ல. கிறிஸ்துமஸுக்கு வாறேன்னு சொன்னேல்லா, அப்பமே வா.

அம்மா