‘ஈ.டி.’யின் துப்பாக்கிகள்: அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பூமியில் தனித்து விடப்பட்ட ஈ.டி. என்ற வேற்றுக்கிரகவாசிக்கும் எலியட் என்ற சிறுவனுக்கும் இடையிலான நட்பைச் சொல்லும், 1982இல் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’, பாதுகாக்கப்பட வேண்டிய அமெரிக்கப் படங்களின் பட்டியலான தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1994இல் இடம்பெற்றது. ஆனால் 2002இல், இருபதாம் ஆண்டு நிறைவையொட்டித் திரையரங்குகளுக்கு வந்த பிரதி, பதிவேட்டில் ஏறிய அதே படமாக இல்லை. சிறுவர்கள் ஈ.டி.யை மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு தப்பும் கட்டத்தில், அரசு ஆட்கள் ஏந்தியிருந்த துப்பாக்கிகள் கணினியால் அழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் வாக்கி-டாக்கிகள் வைக்கப்பட்டிருந்தன. ஹாலோவீன் பண்டிகைக்குப் போடும் வேடம் குறித்துத் தாய் மகனைக் கண்டிக்கும் வசனத்தில்கூட ‘பயங்கரவாதி’ என்ற சொல் ‘ஹிப்பி’ ஆகியிருந்தது.

குழந்தைகள் பார்க்கும் படத்தில் துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்களின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்தப் படம் பெரியவர்களின் உலகத்தைக் குழந்தையின் உயரத்திலிருந்து பார்ப்பது. படத்தின் பெரும்பகுதியில் தாயைத் தவிர மற்றப் பெரியவர்களுக்கு முகமே கிடையாது. இருட்டில் டார்ச் வெளிச்சமும் ஒருவரின் இடுப்பில் குலுங்கும் சாவிக்கொத்துமாகத்தான் அவர்கள் வருகிறார்கள். அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த அச்சம், சாலையை மறித்து நிற்கும் கார்களின் முன்னே, ஓங்கிய துப்பாக்கியாக வெளிப்பட்டு, எலியட் கண்களை இறுக மூடிக்கொள்ளும் கணத்தில்தான் ஈ.டி.யின் சக்தியால் மிதிவண்டிச் சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றன. 2002 பிரதியில் அந்த இடத்தை நிறுத்திப் பாருங்கள்: உடலின் தோரணை ஆயுதம் ஏந்தியவனுடையதாகவே இருக்கிறது, கையில் இருப்பதோ பேசும் கருவி. அதற்குப் பயந்து யாராவது வானத்தில் பறப்பார்களா?

ஸ்பீல்பெர்க்கே இந்த மாற்றத்துக்காகப் பின்னர் வெளிப்படையாக வருந்தினார். 2012இல் வந்த ப்ளூ-ரேயில் துப்பாக்கிகள் திரும்பிவிட்டன. அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன். ஆயினும் பொதுச்சொத்தாகக் கருதப்படும் ஒரு படைப்பு அதன் இயக்குநரின் மனமாற்றத்தை நம்பியிருக்கலாகாது. பதிவேட்டின் முதல் ஆண்டான 1989இலேயே இடம்பெற்ற ‘ஸ்டார் வார்ஸ்’ 1997இல் திருத்தப்பட்ட பிறகு, 1977இல் மக்கள் பார்த்த வடிவத்தைத் தேடி ரசிகர்கள் பட்டபாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

இதற்கு மருந்து உங்கள் வரலாற்றிலேயே இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசும் வழக்கத்தால் எழுந்த சர்ச்சையின் பின்னணியில் இயற்றப்பட்ட 1988ஆம் ஆண்டுச் சட்டம், பதிவேட்டிலுள்ள ஒரு படத்தைக் கணிசமாக மாற்றி வெளியிடுவோர் அதை அறிவிக்கும் குறிப்பை ஒட்ட வேண்டும் என்றது. அது எதையும் தடைசெய்யவில்லை, பார்ப்பவருக்கு உண்மையைச் சொல்லச் சொன்னது, அவ்வளவே. 1992இல் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது அந்த விதி கைவிடப்பட்டது. அன்று ஒரு சட்டகத்தைத் திருத்துவதற்கே பெரும் செலவும் காலமும் பிடித்தன. இன்று ஓடிடி தளத்தில் நேற்றிரவு இருந்த பிரதியை இன்று காலையில் மாற்றிவிடலாம், பழைய அட்டைப்படம் அப்படியே இருக்கும், வீட்டிலிருக்கும் எவருக்கும் தெரியவராது.

வர்ஜீனியாவின் கல்பெப்பரில், பதிவேட்டைப் பராமரிக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் படப்பெட்டிகள் பத்திரமாக இருப்பதை அறிவேன். ஆனால் குடும்பங்கள் படம் பார்ப்பது கல்பெப்பரில் அல்ல. எனவே, பதிவேட்டிலுள்ள எந்தப் படமும் மாற்றப்பட்ட வடிவில் வெளியாகும்போது, எந்த ஆண்டில், என்ன மாற்றப்பட்டது என்பதைப் படத்தின் தொடக்கத்தில் ஒரு வரியில் தெரிவிக்கும் விதியை, ஓடிடி தளங்களுக்கும் பொருந்துமாறு மீண்டும் கொண்டுவர, காங்கிரஸ் நூலகத்தின் தலைவரான நூலகர் வழியாக நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
‘ஈ.டி.’யை இரண்டு வடிவங்களிலும் பார்த்த ஒரு ரசிகன்