நடப்பு சாம்பியனும் வெற்றி மயக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் என்னும் ஐஸ் ஹாக்கித் தொடரில் நடப்பு சாம்பியனாகக் களமிறங்கிய ஃபுளோரிடா பேந்தர்ஸ் அணி 2025-26 சீசனில் தடுமாறியதற்கு 'வெற்றி மயக்கமே' காரணம் என்று தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை முடிவு கட்டியிருந்தது. 2024, 2025 என அடுத்தடுத்து இரண்டு முறை அந்தத் தொடரின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்ற ஓர் அணியைப் பற்றிப் புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து இப்படித் தீர்ப்பு வழங்குவது முறையன்று.

முதலில் அந்த அணி ஆடிய ஆட்டங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சீசன்களில் லீக் சுற்றில் எல்லா அணிகளுக்கும் பொதுவாக 82 ஆட்டங்கள் இருந்தன. அதன் பிறகு வரும் பிளே ஆஃப் நான்கு சுற்றுகளைக் கொண்டது, ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வெற்றிகளை முதலில் எட்டும் அணியே மேலே செல்லும். பேந்தர்ஸ் அணி 2023-இல் இறுதிச் சுற்று வரை சென்று வேகஸ் அணியிடம் தோற்றபோது பிளே ஆஃபில் 21 ஆட்டங்களும், முதன்முறையாகக் கோப்பையை வென்ற 2024-இல் 24 ஆட்டங்களும், அதைத் தக்கவைத்துக்கொண்ட 2025-இல் 23 ஆட்டங்களும் ஆடியது. ஆக, மூன்று ஆண்டுகளில் 68 ஆட்டங்கள் கூடுதல். பிளே ஆஃபுக்கே தகுதி பெறாத அணிகள் மூன்று சீசன்களை முடித்த காலத்தில் இவர்கள் ஏறத்தாழ நான்கு சீசன்களை முடித்திருக்கிறார்கள். அந்த அணிகளின் வீரர்கள் ஏப்ரல் நடுவிலேயே ஓய்வுக்குச் சென்றுவிட, இவர்களோ 2025 ஜூன் 17 அன்றுதான் எட்மன்டன் அணியை வீழ்த்திப் பனித்தளத்தை விட்டு இறங்கினார்கள். செப்டம்பரில் மீண்டும் பயிற்சி முகாம்.

இதன் விலை என்ன என்பதற்கு மேத்யூ கச்சக்கின் நிலையே சான்று. 2025 பிப்ரவரியில் நான்கு நாடுகள் மோதிய போட்டியில் காயமடைந்த அவர், லீக் சுற்றின் எஞ்சிய ஆட்டங்களில் ஆடாமல், பிளே ஆஃபின் முதல் ஆட்டத்தில்தான் திரும்பி வந்தார். தொடைத் தசை கிழிந்த நிலையிலேயே கோப்பை வரை ஆடி முடித்து, ஆகஸ்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதனால் புதிய சீசனின் தொடக்க மாதங்களில் அவர் இல்லை. அணித் தலைவர் அலெக்சாண்டர் பார்கோவுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை: முகாமின் முதல் பயிற்சியிலேயே முழங்கால் தசைநார்கள் கிழிந்து அவரும் அறுவை சிகிச்சைக்குப் போனார். தாக்குதல் வீரர்களுள் தற்காப்பில் சிறந்தவருக்கான செல்கி விருதை மூன்று முறை பெற்றவர் அவர். எதிரணியின் மிக வலிமையான வரிசை களத்தில் இறங்கும்போது அதற்கு எதிரே நிற்பதும், அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டிய நிமிடங்களில் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாகப் பயன்படும் வட்டத் தட்டை, தம் கோலிலிருந்து விலக்கி வைப்பதும் அவருடைய வேலை. கோல் கணக்கில் ஏறாத அந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய முடிவுகளை எதிர்பார்க்க இயலாது.

ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகத் தரக்கூடிய ஊதியத்துக்கு லீக் விதிக்கும் சம்பள உச்சவரம்பைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 2005-06 சீசனில் அது நடைமுறைக்கு வந்த பிறகு, வென்ற அணியைக் கலையாமல் வைத்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. 2010-இல் வென்ற சிகாகோ அணி அந்தக் கோடையிலேயே பஃப்ளின், லாட், வெர்ஸ்டீக் முதலான பலரை இழந்து, மறு ஆண்டு முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2006-இல் வென்ற கரோலைனா, 2014-இல் வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய அணிகள் அடுத்த ஆண்டு பிளே ஆஃபுக்கே தகுதி பெறவில்லை. பேந்தர்ஸ் அணியும் 2024-இல் மோன்டூர், எக்மன்-லார்சன் ஆகிய தற்காப்பு வீரர்களை விட்டுக்கொடுத்தது. ஆனால் 2025 கோடையில் பென்னட், எக்பிளாட், மார்ஷண்ட் மூவரையும் நீண்ட ஒப்பந்தங்களில் தக்கவைத்துக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 37 வயது மார்ஷண்டுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் என்பது, அவர்மீது எவ்வளவு மதிப்பிருந்தாலும், எனக்குத் துணிச்சலாகவே படுகிறது. கட்டுரையாளர் குறை காண விரும்பியிருந்தால் நிர்வாகத்தின் இந்தக் கணக்கைக் கேள்வி கேட்டிருக்கலாம். வீரர்களின் உழைப்பை ஐயுற்றிருக்க வேண்டியதில்லை.

புள்ளிப் பட்டியலை நம்பி ஏமாறுவதற்கு 2024-25 சீசனே போதுமான எடுத்துக்காட்டு. 98 புள்ளிகளுடன் தன் பிரிவில் மூன்றாம் இடத்தையே பிடித்த பேந்தர்ஸ், பிளே ஆஃபின் இரண்டாம் சுற்றில் டொரன்டோவிடம் முதல் இரு ஆட்டங்களையும் இழந்தது. பிறகு அந்தச் சுற்றை ஏழாவது ஆட்டம் வரை இழுத்து, டொரன்டோ மண்ணிலேயே 6-1 என வென்றது. இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் சாம் ரைன்ஹார்ட் ஒருவரே நான்கு கோல்களை அடித்தார். மயங்கிக் கிடந்த அணி செய்யக்கூடிய காரியமா இது?

தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பையை வென்ற கடைசி அணி, 1980 முதல் 1983 வரை நான்கு முறை வென்ற நியூயார்க் ஐலண்டர்ஸ். 2020, 2021 என அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற டாம்பா பே அணி 2022-இல் மூன்றாவதற்கு முயன்று, இறுதிச் சுற்றில் கொலராடோவிடம் தோற்றது. இந்தப் பின்னணி தெரியாமல் படிக்கும் வாசகருக்கு ஒரு சாம்பியனின் ஒவ்வொரு தோல்வியும் அலட்சியமாகவே தோன்றும். எனவே, ஐஸ் ஹாக்கிச் செய்திகளை வெளியிடும்போது, புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்தில் காயத்தால் ஆடாதவர்களின் பெயர்ப் பட்டியலையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்