பழைய கணினிகளைப் பழைய இரும்புக்குக் கொடுக்குமுன்: யாழ்ப்பாணப் பாடசாலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, கணினி ஆய்வுகூடப் பொறுப்பாசிரியர்களே,

ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பில் 386, 486 என்ற பழைய ரகக் கணினிகளுக்கு நேரே 'பாவனைக்கு உதவாதவை' என்று எழுதுமுன், பெட்டியைத் திறந்து பற்றரியைப் பாருங்கள். அநேகமான மதர்போர்டுகளை (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகைகளை) கொன்றது அதுதான்.

சின்னப் பீப்பாய் போல 3.6 வோல்ற் நிக்கல்-காட்மியம் பற்றரி ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து கசிவது அமிலமன்று, காரம். கணினி பூட்டிக் கிடந்தாலும் அது செப்புத் தடங்களை அரித்துக்கொண்டே இருக்கும். எங்கள் உப்புக்காற்றும் மாரி ஈரமும் அதற்குத் துணை. பற்றரியை வெட்டி எடுத்து, பச்சை பூத்த இடத்தை வெள்ளை வினாகிரியில் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். நுரைப்பது நின்றதும் கார் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரால் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது. அதன் சுண்ணாம்பு காய்ந்து போர்டில் படியும். நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு தடத்தையும் மல்ரிமீற்றரால் சோதியுங்கள். அறுந்ததை மெல்லிய கம்பியால் இணைக்கலாம். புதிதாக மூன்று ஏ.ஏ. பற்றரிகளை மின்னை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோட் வழியாக, போர்டுக்கு எட்ட வைத்துப் பூட்டுங்கள். டயோட் இல்லாவிட்டால் போர்ட் அவற்றைச் சார்ஜ் பண்ணப் பார்க்கும், அவையும் கசியும்.

கணினி இன்னும் ஓடுகிறதென்றால், பற்றரியை வெட்டுமுன், தொடங்கும்போது திறக்கக்கூடிய செற்றப் திரையில் ஹாட் டிஸ்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பற்றரி போனால் அவையும் போகும். பிழையான எண்ணுக்கு நல்ல டிஸ்கும் திறக்காது. பவர் சப்ளையின் இரண்டு பிளக்குகளை மீண்டும் செருகும்போது கறுப்பு வயர்கள் நடுவில் சேரவேண்டும். மாறிச் செருகினால் போர்ட் எரியும்.

இனி முக்கியமான வேண்டுகோள். திருத்தியதை எழுதிவையுங்கள். 'மின் பழுது, சரி' என்ற குறிப்பால் அடுத்தவருக்குப் பயனில்லை. போர்டின் இலக்கம், மாற்றிய கப்பாசிற்றரின் (மின்னைத் தேக்கும் உறுப்பின்) இடம், அதன் மைக்ரோபரட் அளவு, வோல்ற், அதன் மறை (−) முனை எந்தப் பக்கம், 5 வோல்ற் கம்பியில் திருத்துமுன்னும் பின்னும் அளந்தது (4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்கவேண்டும்), திகதி: இவ்வளவும் கொப்பித்தாளில் அரைப்பக்கம். ஒன்றைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி, இன்னொன்றை ஆய்வுகூடக் கோப்பில் போடுங்கள். கழுவுமுன் எடுத்த படமும் சேரட்டும். அரிப்பு எதுவரை போனதென்று பிறகு அதில்தான் தெரியும்.

அந்த டிஸ்குகளில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பாடசாலை மலர்களும் வினாத்தாள்களும் இருக்கலாம். போர்மட் பண்ணாமல் முதலில் முழுப்பிரதி எடுங்கள். பூஞ்சணம் பிடித்த பிளொப்பியைத் துடைக்காமல் ட்ரைவில் போடாதீர்கள். தட்டும் கீறும், ஹெட்டும் அழுக்காகும்.

ஆய்வுகூடத்தில் ஒரு மேசையும் ஒரு கோப்பும் ஒதுக்கித் தாருங்கள். இந்த மாரிக்கு முன் பற்றரிகளையாவது வெட்டி எடுக்க அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
பழைய கணினி திருத்துவோர், யாழ்ப்பாணம்